மண்டபப் பதிவும் என் அண்ணனும்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்டபக் கூட்டத்தில் வாய் திறக்க முடியாமற் போனதால் எழுதுகிறேன்.

எங்கள் தீவில் ஊர் மண்டபத்துக்கு நாள் பதிவது என் வேலை. ஊரில் எனக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான். முன்பு கொப்பியில் எழுதினேன். பிறகு, கனடாவில் இருக்கும் அண்ணன் ஓர் இணையப் பக்கம் செய்து தந்தார். வெளிநாட்டுச் சனம் அங்கிருந்தே பதியும். இங்குள்ளவர்களுக்கு நான் கைபேசியில் பதிவேன்.

தை மாதம் ஒரு பிழை கண்டேன். மார்ச் இரண்டுக்கு 02/03 என்று போட்டது பெப்ரவரி மூன்றில் போய் விழுந்திருந்தது. அண்ணனை அழைத்தேன்.

"ஓமடி, இஞ்சத்தைச் சனம் மாதத்தை முதல் எழுதும். நான் பூட்டின நாட்காட்டிச் சேவையும் அப்பிடித்தான் வாசிக்குது. பதின்மூண்டாம் மாதம் எண்டு ஒண்டு இல்லைத்தானே, அதாலை பன்னிரண்டுக்கு மேலை உள்ள திகதியள் தப்பிச்சிட்டுது. இண்டைக்கே திருத்திறன். மண்டபக் கொமிற்றிக்குச் சொல்லிப்போடாதை, பெரிய எஞ்சினியர் எண்டு பகிடி பண்ணுவினம்."

இருவரும் சிரித்தோம். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணன் திருத்திவிடுவார் என்று நம்பி, கூடவே எழுதிவந்த கொப்பியையும் விட்டுவிட்டேன்.

சித்திரையில், எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் கடற்றொழிலாளி ஒருவரின் மகளது கல்யாணத்துக்குச் செப்ரெம்பர் ஏழைப் பதிந்தேன். 07/09. மாப்பிள்ளை வீட்டார் எழுவைதீவிலிருந்து வரப் படகும் பேசியாயிற்று. ஆவணியில் பார்த்தால், அதே நாளைக் கனடாக் குடும்பம் ஒன்று மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் பதிந்திருந்தது. எங்கள் கல்யாணம் ஜூலை ஒன்பதில் கிடந்தது. அந்த நாள் கடந்தே போயிருந்தது.

கூட்டத்தில் பெண்ணின் தகப்பன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கொமிற்றித் தலைவர் அண்ணனைப் போன் ஸ்பீக்கரில் எடுத்தார்.

"பக்கத்திலை ஒரு பிழையும் இல்லை," என்றார் அண்ணன். "தங்கச்சிதான் மாறி அடிச்சிருக்கிறா. அவவுக்கு உதெல்லாம் விளங்காது, பாவம்."

"ஏலாதெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை," என்றார் தலைவர்.

"உவவிட்டைக் குடுத்தால் தைப்பொங்கலும் ஆடியிலைதான் வரும்!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். சனம் சிரித்தது.

தை மாதத்து அழைப்பைச் சொல்ல வாயெடுத்தேன். "என்ன தங்கச்சி, அப்பிடித்தானே?" என்று அண்ணன் கேட்டார். குரலில் ஒரு தயக்கமும் இல்லை. தலையை ஆட்டினேன்.

"ஓமாம்," என்று தலைவர் போனுக்குச் சொன்னார்.

மறுநாள் காலை பக்கத்தைத் திறந்தேன். இரவோடிரவாக மாதங்கள் எண்ணிலிருந்து எழுத்துக்கு மாறியிருந்தன. மத்தியானம் தலைவரின் மனைவி வந்து என்னிடமிருந்த மண்டபப் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டு போனார்.