நைனாவின் பாட்டில்

பாட்டில் பக்கமே போகாத மனிதர் என்று நகரியில் எங்கள் நைனாவுக்கு நல்ல பெயர். அப்பேர்ப்பட்டவரை, விலாவில் செருகிய ஒரு குழாயும் அதன் மறுமுனையில் ஒரு கண்ணாடி பாட்டிலுமாகத் திருப்பதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்ததும், சித்தப்பா அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அம்மா முறைத்த முறைப்பில் வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நுரையீரலைச் சுற்றி மெல்லிசாக இரண்டு உறைகள் உண்டு, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும் அளவுக்குத்தான் நடுவில் ஈரம் இருக்கும், காசநோய்க் கிருமி புகுந்ததில் அங்கே சீழ் கட்டி நுரையீரலை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். குழாய் வழியாகச் சீழ் இறங்கிவிட்டது. நுரையீரல்தான் முழுசாக விரியவில்லை. நன்றாக இழுத்து மூச்சு விடச் சொல்லி நர்சம்மா தினமும் திட்டுவார். நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பழையபடி மேலோட்டமாகவே மூச்சு விடுவார். வெள்ளிக்கிழமைக்குள் விரியாவிட்டால் விலாவைத் திறந்து ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் அம்மா திருமலை அடிவாரத்து அலிபிரிக்குக் கிளம்பினாள். மலையேற நேரமில்லை, முதல் படியில் கற்பூரமாவது ஏற்றிவிட்டு வருகிறேன் என்றாள். பாட்டிலுக்குள் தண்ணீரில் முங்கியிருந்த குழாயைக் காட்டினாள். நைனா மூச்சு இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும்.

"ஏறி எறங்கிக்கினு இருக்குதான்னு பாத்துக்கினே இரு. நின்னுச்சின்னா ஓடிப்போய் நர்சம்மாவ இட்டுக்கினு வா. வேற எதையும் தொடாத."

நான் தரையில் பாட்டிலுக்கு நேராக உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் அசைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"நைனா, தண்ணி ஏறல."

மேலே கட்டிலில் நைனா மெதுவாக ஒரு மூச்சு இழுத்தார். தண்ணீர் விரற்கடை ஏறியது.

"இப்போ?"

"ஏறிடுச்சி நைனா."

கொஞ்ச நேரத்தில் மறுபடி சோம்பிப் போகும். மறுபடி சொல்வேன். மறுபடி ஏறும். பொறுப்பான பிள்ளை என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது. ஆனால் நேரம் ஆக ஆக, நான் சொன்ன பிறகும் தண்ணீர் முன்னைவிடக் குறைவாகத்தான் ஏறியது. பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு வந்த சமயத்தில் அது நின்றேவிட்டது.

"நைனா" என்றேன். இன்னொரு தரம் கூப்பிட்டேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு பவர்லூம். தறிச் சத்தத்தில் தூங்கி, சத்தம் நின்றால் திடுக்கிட்டு எழுந்து வளர்ந்தவள் நான். தறி நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். பெரியவர்கள் வருவதற்குள் முடிச்சுப் போட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளி ஓட விட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் புத்திதான் அங்கேயும் வேலை செய்தது. பாட்டிலை இரண்டு கையாலும் கட்டிலுக்கு மேலே தூக்கி ஒரு குலுக்கு குலுக்கினேன்.

"கிந்த பெட்டு! கிந்த பெட்டு! கீழ வெய்யி பாப்பா!"

நர்சம்மா பாய்ந்து வந்து பிடுங்கினார். அழுக்குத் தண்ணீர் திரும்பி உள்ளே போனால் உங்கள் நைனா கதி என்ன என்று தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்தினார். குழாயைத் தடவிப் பார்த்தார், நைனாவின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். நைனாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

காலிக் கட்டிலுக்கு முன்னால் நின்றேன். நைனாவைக் கொன்றுவிட்டேன் என்று நிச்சயமாக நம்பினேன்.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு அம்மா வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். "நைனா எங்கடி?" வாசல் பக்கம் கையைக் காட்டினேன். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்தப் பிடி இன்னும் என் தோளில் இருக்கிறது.

அதற்குள் வண்டி திரும்பி வந்தது. அசந்து தூங்கிப்போயிருந்த நைனா இப்போது கண்ணைத் திறந்திருந்தார்.

"எக்ஸ்ரே பாத்தாச்சிம்மா. நுரையீரல் நல்லா விரிஞ்சிடுச்சி" என்றார் நர்சம்மா. "சுத்தி உள்ள எடமே இல்ல. அதான் தண்ணி நின்னுடுச்சி. ஆபரேஷன் வாணாம்."

அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். முதல் படியில் ஏற்றிய கற்பூரம் கைவிடவில்லை என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். நான் குலுக்கியதில்தான் விரிந்தது என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் அளந்துகொண்டிருந்தேன். நைனா இரண்டுக்கும் மறுப்புச் சொன்னதில்லை.

போன வருஷம் எனக்கு நிமோனியா வந்து, அதே நுரையீரல் உறையில் அழற்சி என்றார்கள். இழுத்து மூச்சு விடச் சொன்னார் டாக்டர். பாதி மூச்சில் விலாவுக்குள் கத்தி இறங்கியது போலிருந்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறிவிட்டேன். ஒன்பது வயதில், அந்த வியாழக்கிழமை காலை 'ஏறல நைனா' என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. அத்தனை முறையும் நைனா இழுத்து மூச்சு விட்டிருந்தார்.

கட்டில் ஓரத்தில் நைனா நின்றிருந்தார்.

"கொஞ்சமா இழும்மா, போதும்" என்றார்.

அன்றைக்கு நான் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு இழுத்தபோது ஒருமுறைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.