நடுச் சரிவில் பூத்தவை

பிற்பகல் மூன்று இருபதுக்கு மலை புகைய ஆரம்பித்தது. வேங்கிக்காலில் என் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

“வருஷா வருஷம் எரியறதுதான மேடம். அணைச்சிடுவாங்க,” என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

“என் பொண்ணு மேல இருக்கா.”

அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

மகள் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. மலையடியில் வெள்ளைப் பூ, உச்சிப் பக்கம் ஊதாப் பூ, மற்றபடி ஒரே மாதிரியான முழங்கால் உயரச் செடி. ஓர் இனமா, இரண்டா என்பதுதான் அவள் கேள்வி.

“கலர்தான வேற. ஒண்ணுன்னு எழுதிட்டு வேலைக்குப் போடி,” என்று அன்று காலையில்கூடச் சொன்னேன்.

“உன் கலரும் என் கலரும் வேற. அதுக்காக நாம வேற இனமாம்மா?”

மாடித் தொட்டிகளில் ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் தடவிப் பார்த்திருந்தாள். காய்த்தது, விதையும் முளைத்தது. ஆனால் மலையில் அவை சேருவதில்லை. வெள்ளை மாசியோடு பூத்து முடிந்துவிடும். ஊதா பங்குனியில்தான் மொட்டு விடும். சேர முடிந்தும் சேராதவற்றைச் சிலர் ஒன்று என்பார்களாம், சிலர் இரண்டு என்பார்களாம். எங்காவது இரண்டும் சேர்ந்து பூக்கிறதா என்று தேடித்தான் நடுச் சரிவுக்குப் போயிருந்தாள். செடியோடு காட்டினால்தான் ஓர் இனம் என்று அவளுடைய பேராசிரியர் ஒப்புக்கொள்வார்.

மலையடி ஆசிரமத்துக்குப் பின்னால், மேலே ஏறும் பாதை தொடங்கும் இடத்தில் என்னை இறக்கிவிட்டார். நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி நின்றேன். பச்சைக் கிளைகளால் தீயை அடித்துவிட்டு இறங்கியவர்களிடமெல்லாம் கேட்டேன்.

“நீலச் சுடிதார். தோள்ல பை. பாத்தீங்களா?”

“மேல இன்னும் ஆளுங்க இருக்காங்கம்மா. புகை ஜாஸ்தி, எதுவும் தெரியல,” என்றார் வனக்காவலர் ஒருவர்.

காலடியில் அந்த வெள்ளைப் பூச் செடிகள் காய்ந்து நின்றன. ஒன்றைப் பிடுங்கி, என்ன செய்கிறேன் என்று தெரியாமலே இலை இலையாகக் கிள்ளிப் போட்டேன். மேலே தீயின் விளிம்பு கோடு போட்டதுபோல் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. இன்றும் எங்காவது சருகு எரிக்கும் வாசனை வந்தால் மகளுக்குப் போன் செய்துவிடுகிறேன்.

இருட்டத் தொடங்கியபோது வந்தாள். புருவம் கருகியிருந்தது, பை இல்லை. அவள் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“ரெண்டும் ஒண்ணா பூத்திருந்துச்சும்மா. கண்ணால பாத்தேன். பறிக்கறதுக்குள்ள எரிஞ்சிடுச்சு.”