வலது பக்கம் மட்டும்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையை ஒட்டிய கொப்பரைக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கிறேன். ஆலப்புழையில் பயணிகள் படகைத் தவறவிட்டதால், கொப்பரை ஏற்றிய வள்ளத்தில் மூட்டைகள்மேல் படுத்தபடி வந்து சேர்ந்தவன். உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பாக எழும்பியதுபோல் இருக்கிறது. அக்கரையில், எறணாகுளத்தில், என் தங்கைக்குப் பிறந்த பத்து நாள் குழந்தை. இது அம்மை என்றால் நான் அங்கே போகக் கூடாது.

கிடங்கில் கொப்பரை பொறுக்கும் பாத்துமா தமிழ்க்காரி. என் வயதுதான் இருக்கும். முறத்தை வைத்துவிட்டு வருகிறாள். வள்ளத்தில் வந்ததையும், அக்கரையில் இருக்கும் குழந்தையையும், அம்மையோ என்ற பயத்தையும் அவளிடம் சொல்கிறேன்.

"காய்ச்சல் உண்டா அண்ணே?"

"இல்லை."

"விரலிடுக்கைக் காட்டுங்க."

காட்டுகிறேன்.

"சிரங்கும் இல்ல. இடது கைய நீட்டுங்க."

நீட்டுகிறேன். அதில் ஒரு தடிப்புகூட இல்லை. பயத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

"வள்ளத்துல எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தீங்க?"

"வலது பக்கம்."

"அம்மைக்கு இடது வலது தெரியாது அண்ணே. இது கொப்பரைப் பூச்சி, கண்ணுக்கே தெரியாது. எங்களுக்கு அடிக்கடி வரும். குளிச்சு, உடுப்பு மாத்திட்டுப் பிள்ளையத் தூக்குங்க."

மாற்றுத் துணியைத்தான் மூட்டைமேல் விரித்துப் படுத்திருந்தேன். மிச்சமிருப்பது தங்கை மாப்பிள்ளைக்கு வாங்கிய புது வேட்டியும் சட்டையும். கிடங்குக் கிணற்றில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு, அவற்றை உடுத்திப் படகில் ஏறுகிறேன். சட்டை தோளில் தொளதொளக்கிறது. மாப்பிள்ளைக்கு என்ன வாங்கி வந்தேன் என்று தங்கை கேட்பாள். குழந்தையைக் கையில் வாங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.