மஞ்சள் கோட்டுக்காரர் சுற்றிப் போகச் சொன்ன இடம்

இந்த மாதிரி விஷயங்களை நான் நம்பியதே இல்லை. தவளக்குப்பம் கூட்டுரோட்டில் படகுகளின் ஜிபிஎஸ் பழுது பார்க்கிறேன். கருவி தப்பாகக் காட்டினால் ஒயரிலோ பேட்டரியிலோ காரணம் இருக்கும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

1. காலா மீன் பருவத்தின் கடைசி வாரம். அண்ணன் சேகர் முதல் நாள் சாயங்காலம் கடலில் விட்ட வலை, விடிந்து போய்ப் பார்த்தபோது இல்லை. பைபர் படகில் அவனும் நானும்தான்.
2. வலையின் மிதவை ஒன்றுக்குள் நான் டிராக்கர் வைத்திருந்தேன். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதிலிருந்தும் சிக்னல் இல்லை.
3. தூரத்தில் ஒரு விசைப்படகு போய்க்கொண்டிருந்தது. துரத்தினோம்.

இருப்பது அந்த ஒரு காலா வலைதான். அது போனால் அண்ணன் சொந்தப் படகைக் கரையில் ஏற்றிவிட்டு இன்னொருவர் படகில் ஆளாகப் போகவேண்டும்.

"வாரிக்கினு போறான் பாரு. போன்ல புடிடி, நம்பர் தெரியணும்."

"மொதல்ல கிட்டப் போண்ணா, எறும்பு மாரி தெரியுது."

அப்போதுதான் எதிரே ஒரு சின்னப் படகு. சுள்ளென்ற வெயிலில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருவர் அதில் நின்று, சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். எங்கள் கடலில் அதற்கு ஒரே அர்த்தம்: இங்கே வலை கிடக்கிறது, சுற்றிப் போ. அடுத்தவர் வலைமேல் எங்கள் ஊரில் யாரும் படகு ஓட்டமாட்டார்கள், அதுவும் சொந்த வலையைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் எப்படி ஓட்டுவது? அண்ணன் திட்டிக்கொண்டே வளைத்தான். சுற்றி முடிப்பதற்குள் விசைப்படகு கண்ணில் இல்லை. திரும்பிப் பார்த்தேன், சின்னப் படகும் இல்லை.

விசைப்படகுக்காரனே ஆள் நிறுத்தி எங்களைத் திருப்பிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

மதியம் துறைமுகத்தில், அந்தப் பக்கமிருந்து வந்த ஒரே விசைப்படகின் டிரைவரைக் கண்டதும் அண்ணன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"வுடுபா! உன் வலைய நான் தொடல. உங்காளு ஒருத்தரு, மஞ்ச கோட்டு, செவப்புத் துண்ட வீசி சுத்திப் போன்னாரு. வளைச்சிக்கினுதான் போனேன்."

மஞ்சள் கோட்டைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. முந்திக்கொண்டு சொல்கிற பொய் என்று நினைத்து, படகில் ஏறி அவர் ஜிபிஎஸ்ஸில் அன்றைய தடத்தைப் பார்த்தேன். அவர் வளைந்த இடமும் நாங்கள் வளைந்த இடமும் ஒன்று.

அந்த நேரம் என் போன் அடித்தது. டிராக்கர். மிதவை இருப்பதாக அது காட்டியதும் அதே இடம்.

அண்ணன் சட்டையை விட்டுவிட்டான். "இன்னாடி, நம்ம வலையவா நாம சுத்திக்கினு வந்தோம்?"

உடனே போனோம். மிதவை இல்லை, கயிறு இல்லை. கொக்கி போட்டு இருட்டும்வரை துழாவினோம். வெறும் தண்ணீர்.

இப்போதைய நிலை இது. வலை கிடைக்கவில்லை. அண்ணன் இன்னொருவர் படகில் போகிறான். டிரைவர்மேல் எனக்குச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. அந்த டிராக்கரின் பேட்டரி ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, வலை நீரோட்டத்தில் ஓரிடத்தில் நிற்காது. அடுத்த காலா பருவம் வந்துவிட்டது. நேற்றும் சிக்னல் வந்தது, அதே இடத்திலிருந்து.

அந்தப் பக்கம் போனால் அண்ணன் இன்றும் சுற்றித்தான் போகிறான்.