அண்ணையின் கமெராவில் பத்துச் செக்கன்

மிளகாய் வறுத்த புகை முற்றம் வரைக்கும் வந்து, எல்லோரையும் தும்ம வைத்த காலை அது...

அண்ணை லண்டனுக்குத் திரும்பிப் போகிற நாள். மத்தியானச் சாப்பாட்டோடு கொழும்புக்குப் போகிற வான் வந்துவிடும். தூள் பொதி கட்டியாயிற்று. பனம் பினாட்டும் பருத்தித்துறை வடையும் பெட்டிக்குள் போய்விட்டன.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மருதனார்மடத்துக்குக் கிட்ட அந்த வீட்டில் அம்மாவும் நானும்தான்.

இடப்பெயர்வில் எங்கள் பழைய அல்பம் போய்விட்டது. அதனால் அம்மாவுக்கு ஒரே ஆசை. இரண்டு பிள்ளைகளோடும் தானும் நிற்கிற படம் ஒன்று வேண்டும். அண்ணை எடுத்தால் அண்ணை இல்லை, நான் எடுத்தால் நான் இல்லை... வந்து நின்ற நாளெல்லாம் இப்படியே போயிற்று.

"பக்கத்து வீட்டுப் பரமேஸ் மாமியைக் கூப்பிட்டுக் கமெராவை அமத்தச் சொல்லுவமே?" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினார். "மூண்டு பேர் நிண்டு படம் எடுக்கக் கூடாது. நடுவிலை நிக்கிற ஆளின்ரை ஆயுசுக்குக் கூடாது."

"அப்ப நடுவிலை நீங்கள் நில்லுங்கோ" என்றார் அண்ணை.

"ஏன், என்னை அனுப்பிப்போட்டே பிளேன் ஏறப்போறாய்?"

ஆகவே பரமேஸ் மாமி நாலாவது ஆளாக நிற்க வேண்டும். அப்படியென்றால் யார் அமத்துவது? அன்று சதுர்த்தி. ஒழுங்கைச் சனம் முழுக்கப் பிள்ளையார் கோயிலில். அம்மா அதையும் விடவில்லை. "நீ வந்து இவ்வளவு நாளிலை ஒருக்காலும் கோயில் வாசல் மிதிக்கேல்லை" என்று அண்ணைக்குச் சொன்னார். அண்ணை பெட்டிக்குப் பூட்டுத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

கமெராவோடு வந்த சின்னப் புத்தகத்தை நான் அகராதியும் கையுமாக இருந்து வாசித்திருந்தேன். மணிக்கூடு போல ஒரு அடையாளம்... அதை அமத்தினால் பத்துச் செக்கன் பொறுத்துத் தானாகவே எடுக்கும் என்று போட்டிருந்தது. சொன்னேன்.

"எனக்கே தெரியாது பிள்ளை. நான் ஓட்டோ மோட்டிலை விட்டிட்டு அமத்திறதுதான்" என்றார் அண்ணை.

பிளாஸ்ரிக் கதிரைக்கு மேல் பால்மா ரின்னை வைத்து, அதன் மேல் கமெராவை வைத்தோம். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைக்குள்ளால் பார்க்கத் தேவையில்லை. பின்பக்கக் கண்ணாடியில் முற்றம் அப்படியே தெரிந்தது. லைவ் வியூ என்று அதற்குப் பெயர். கிணற்றடி, வாழை, கொடியில் காய்கிற சாரம்... எல்லாம் உள்ளங்கை அளவில்.

பரமேஸ் மாமி குனிந்து பார்த்தார். "தம்பி, இன்னும் எடுக்கேல்லை எண்டுறாய். பிறகு என்ரை கோழி என்னெண்டு உதுக்குள்ளை மேயுது?"

"அது இப்ப நடக்கிறது மாமி. இனித்தான் எடுக்கிறது" என்றார் அண்ணை.

"அப்ப ரீவி எண்டு சொல்லன்!"

அம்மாவும் வந்துவிட்டார். இரண்டு பேரும் மாறி மாறி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கோழியைத் துரத்திவிட்டுப் போய்ப் பார்த்தார்கள். அம்மா வாழைக்குப் பக்கத்தில் போய் நின்று, "இப்ப நான் தெரியிறனே?" என்று கேட்டார். அந்தக் கண்ணாடி ஒளிர்ந்துகொண்டிருந்தால் பற்றரி வேகமாக இறங்கும் என்பது யாருக்கும் நினைவில்லை. நினைவு வந்தபோது பற்றரி அடையாளம் சிவப்பாகிவிட்டது. காலையிலிருந்து கரண்டும் இல்லை.

அண்ணை பதறிப்போனார். "ஒண்டுதான் எடுக்கலாம். ஒருத்தரும் அசையாதேங்கோ. கமெராவைப் பாருங்கோ!"

அமத்திவிட்டுச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். முன்பக்கத்தில் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. பிக்... பிக்... பிக்...

அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி கேட்டது. உச்சிக்காலப் பூசை.

முதலில் திரும்பியது அம்மா. பிறகு மாமி. பிறகு நான்... மணி கேட்டபின் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நிற்க எங்களுக்கு வராது. கைகள் தலைக்கு மேல் போய்விட்டன. கடைசியாக, அசைய வேண்டாம் என்று கத்திய அண்ணையும் திரும்பினார்.

கிளிக்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். படம் ஒரு கணம் தெரிந்தது. பிறகு கண்ணாடி கறுத்துவிட்டது.

"சீ... பழுதாப் போச்சு" என்றார் அண்ணை.

"ஏன்? நாலு பேரும் படத்திலை விழுந்ததே?" என்று கேட்டார் அம்மா.

"ஓம். ஆனா ஒருத்தற்றை முகமும் வடிவாத் தெரியேல்லை அம்மா."

"உன்ரை முகம் எனக்குத் தெரியாதே?"

ஒழுங்கையில் வான் வந்து ஹோன் அடித்தது.

சில மாதங்களின் பின் ஊருக்கு வந்த ஒருவரிடம் அண்ணை அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தனுப்பினார். உயிரோடு இருக்கிறவர்களின் படத்தை எங்கள் பக்கம் சாமியறையில் வைப்பதில்லை. அம்மா வைத்தார். "கும்பிடுற ஆக்கள்தானே, வெளியிலை ஏன் நிக்கவேணும்?" என்றார். வந்துபோகிறவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, "பாருங்கோ, மணி கேட்ட உடனை என்ரை மகன்தான் முதல் திரும்பினவன். நாங்கள் அவனைப் பார்த்துத்தான் திரும்பினனாங்கள்" என்பார்.

நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஓம் என்பேன்.

அதற்குப் பிறகு அம்மாவும் அண்ணையும் ஒரே படத்தில் நிற்கவில்லை. அம்மா போய் இரண்டு வருடமாகிறது.

இப்போது என் மகளின் போனில் மூன்று செக்கனில் படம் விழுகிறது. ஒரு நிற்பில் இருபது எடுக்கிறாள். எல்லோரும் நேராகப் பார்த்துச் சிரிக்கிறோம். அமத்துவதற்குச் சற்று முன்னால் நடந்ததையும் அந்தப் போன் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. படத்தில் விரலை வைத்தால், யார் எந்தப் பக்கம் முதலில் திரும்பினார் என்பதெல்லாம் அசைந்து தெரிகிறது.

அண்ணையின் கமெராவில் அந்த வசதி இருக்கவில்லை. பிள்ளையார் காப்பாற்றினார்.