வீட்டில் நடந்தது என்றேன்

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு தொழிற்சாலையில் காலைப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். பொறுப்பு என்றதும் பெரிய நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். பதினொரு பேரில் யார் எந்த இயந்திரத்தில் நிற்பது, யாருக்கு எப்போது லீவு, யாரை யாருக்குப் பக்கத்தில் விட்டால் சண்டை வராது என்று பார்ப்பவள், அவ்வளவுதான். இந்த வேலையை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஜெர்மன் மொழியையும் பஸ்ஸிலும் சாப்பாட்டு அறையிலும் காதால் பொறுக்கிக்கொண்டவள் நான். ஆட்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி சொல்லிப் பார்த்துச் சிரிப்பது என் பழக்கம்.

அந்தப் பதினொரு பேரில் ஐந்து பேர் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர்கள். நாலு பேர் என்னைவிட மூத்த பெண்கள்; அகதியாய் வந்து, கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே தலை நரைத்தவர்கள். ஐந்தாவது ஆள் இங்கேயே பிறந்த பிள்ளை. இருபத்து மூன்று வயது. இதே தொழிலில் முறையாக அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்தவள்.

வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். மூத்தவர்கள் ஐந்தரைக்கே வந்துவிடுவார்கள். வந்து சும்மா இருப்பதில்லை. நேர இயந்திரத்தில் அட்டை தட்டாமலே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். யாரும் கேட்டு அப்படிச் செய்யவில்லை. முதல் முதல் வேலை கிடைத்த காலத்தில், துரத்திவிடக் கூடாதே என்று தொடங்கிய பழக்கம் அது. அவர்களில் மூத்த அக்கா சொல்வார்: "மனம் நாலு மணிக்கே சப்பாத்தைப் போட்டிட்டுது தங்கச்சி, உடம்பு என்ன செய்யிறது, பின்னால வாறதுதானே."

இளையவள் ஐந்து ஐம்பத்தெட்டுக்கு வருவாள், ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு அட்டை தட்டுவாள். முதல் வாரமே என்னிடம் வந்தாள்.

"அன்ரி, அவை அட்டை தட்டாமல் வேலை செய்யினம். அது பிழை. ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு? நீங்கள்தான்."

"நான் சொல்லுறன் பிள்ளை."

"எப்ப சொல்லுவீங்கள்?"

"நேரம் பார்த்து."

"உங்கட நேரம் என்ர ஓய்வூதியத்துக்கு முதல் வருமோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆனால் மூத்தவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப் போன அன்று மூத்த அக்கா ஒரு டப்பாவில் எனக்குச் சூடாக உளுந்து வடை நீட்டினார். "அந்தப் பெட்டை எங்களைக் குறை சொல்லுதாம், உண்மையோ?" என்று கேட்டார். "அவ சின்னப் பிள்ளை அக்கா, விடுங்கோ. நீங்கள் வழமைபோல வாங்கோ" என்றேன். அவளிடம் ஒரு கதை, இவர்களிடம் ஒரு கதை. இரண்டு பக்கமும் என்னை நல்லவள் என்றது. ஆட்களைச் சமாளிப்பதென்றால் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பனிக்காலம் முடிகிற ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது அது நடந்தது. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து அழுந்தி வரும் பெரிய சூட்டு உருளை ஒன்று எங்களிடம் உண்டு. மூத்த அக்கா அதில் தனியே நின்றார்; மற்றவர்கள் பின்பக்கம் அழுக்குத் துணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். விரிப்பின் ஒரு மூலை மடிந்து போக, அதை நேராக்கக் கையை உள்ளே கொடுத்திருக்கிறார். பாதுகாப்புக் கம்பி தட்டி இயந்திரம் நின்றது. நிற்பதற்குள் வலக்கையின் மூன்று விரல்கள் உருளைக்குள் போயிருந்தன.

அவர் கத்தவில்லை. நான் ஓடிப்போனபோது, "இயந்திரம் பழுதாகேல்லைத்தானே?" என்று கேட்டார்.

குளிர்தண்ணீரில் அவர் கையைப் பிடித்தபடி நான் அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுக்கப் போனேன். மற்றக் கையால் என் தொலைபேசியைப் பொத்தினார். "வேண்டாம் தங்கச்சி. நீர் உம்மட காரில கொண்டு போம். நான் இன்னும் அட்டை தட்டேல்லை. இஞ்ச நடந்ததெண்டால் உமக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒண்டரை வருசம்தான் கிடக்கு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் கேட்ட கேள்வி, "வேலையில் நடந்ததா?" என்பதுதான். இந்த நாட்டில் அதை முதலிலேயே கேட்பார்கள். வேலையில் நடந்தால் அது ஒரு வழி: தொழில் விபத்துக் காப்புறுதி கையை முழுதாகப் பொறுப்பெடுக்கும், விசேட மருத்துவர், மாதக்கணக்கில் பயிற்சி, தேவையானால் தனி மருத்துவமனை. வீட்டில் நடந்தால் அது வேறு வழி, சாதாரண நோய்க் காப்புறுதியின் குறுகிய வழி. இது எனக்குத் தெரியும். விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் பொறுப்பாளர்களை ஒரு நாள் முழுக்க இருத்திப் படிப்பித்திருந்தார்கள்.

அக்கா தமிழில் சொன்னார்: "வீட்டில, அயர்ன் பெட்டி எண்டு சொல்லும்."

நான் ஜெர்மனில் சொன்னேன்: வீட்டில், அயர்ன் பெட்டி.

டாக்டர் விரல்களைப் பார்த்தார். அயர்ன் பெட்டி ஒரு பக்கம்தான் சுடும். இது இரண்டு பக்கமும் வெந்திருந்தது. என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நான் சொன்னதையே எழுதினார்.

இரண்டு மாதத்தில் காயம் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. பயிற்சிக்குக் கிடைத்த தவணைகள் ஆறுதான். அடுத்த தவணை எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அக்காவால் சோற்றைக் குழைக்க முடியவில்லை, தலைமுடியை முடிய முடியவில்லை. வாரம் ஒருமுறை போவேன். ஒவ்வொரு முறையும் கையைத் துணியால் மூடிக்கொண்டு, "பரவாயில்லை, இண்டைக்குக் கொஞ்சம் அசையுது" என்பார். அசையவில்லை. எனக்கும் அது தெரியும். திரும்பி வருகிற வழியில் காரை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என்ன செய்வேன், என்ன செய்வேன் என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தக் கை போகும். இப்படி எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு காலையும் முதலாவது கவலைதான் முன்னுக்கு வந்து நின்றது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இளையவளுக்குத் தெரிந்துவிட்டது. உருளை நின்ற நேரம் இயந்திரத்தின் திரையில் பதிவாகியிருந்ததாம். சாப்பாட்டு அறைக் கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் இருந்தாள்.

"அன்ரி, ஐஞ்சே முக்காலுக்கு அந்த மெஷின் நிண்டிருக்கு. அண்டையில இருந்துதான் அவ கையில கட்டோட லீவில நிக்கிறா. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லோணும்."

"சொன்னால் அவவுக்கும் பிரச்சினை பிள்ளை."

"இல்லை அன்ரி. அட்டை தட்டாட்டிலும் வேலை வேலைதான், காப்புறுதி இருக்கு. நான் படிச்சனான். பிரச்சினை உங்களுக்குத்தான்." எழும்பி நாற்காலியைத் தள்ளிவிட்டாள். "நீங்கள் எல்லாரோடையும் நல்லாக் கதைப்பீங்கள். உங்களோட கதைச்சிட்டுப் போறவைக்கு நல்லா இருக்கும். பிறகு யோசிச்சுப் பார்த்தால் ஒண்டும் நடந்திருக்காது."

என்னைப் பற்றி ஆட்கள் சொன்னதில் இதை மட்டும்தான் என்னால் வீட்டில் மறுபடி சொல்லிப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மேலாளரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது குறைந்த ஜெர்மன்காரர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. விபத்து அறிக்கையை அன்றே அனுப்பினார். என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்து மடிக்கும் மேசையில் விட்டார். வேலையை விட்டுத் தூக்கவில்லை. இன்னும் முடிவில்லை என்றார்.

பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். காப்புறுதிக் கந்தோரிலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது: என்ன நடந்தது என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அக்கா எழுத மறுத்துவிட்டார். நானும் இளையவளும் சேர்ந்து அவர் வீட்டுக்குப் போனோம். இடக்கையால் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"உண்மையைத்தானே அன்ரி எழுதச் சொல்லினம்," என்றாள் இளையவள். "ரெண்டு வரி. நான் எழுதுறன், நீங்கள் கையெழுத்து வையுங்கோ."

"நான் வீட்டில எண்டு சொல்லியாச்சு."

"அதை மாத்தலாம்."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் தள்ளினார். "பிள்ளை, நான் இஞ்ச வந்த புதுசில அகதி விசாரணை நடந்தது. எங்கட வீட்டுக்கு ஆமி வந்தது எந்தக் கிழமை எண்டு கேட்டவை. புதன் எண்டனான். பிறகும் கேட்டவை, புதன். மூண்டாந்தரம் கேட்க வியாழன் எண்டு வாயில வந்திட்டுது. அவ்வளவுதான். முன்னுக்குப் பின் முரணாம் எண்டு கடதாசி வந்தது. நாலு வருசம், மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அவங்கட வாசலில போய் நிண்டனான், இருக்க விடுவாங்களோ அனுப்புவாங்களோ எண்டு. இனி ஒரு கடதாசியிலயும் நான் சொன்னதை மாத்திச் சொல்லமாட்டன்."

"அவை வேற ஆக்கள் அன்ரி. இது வேற கந்தோர்."

"கடதாசி எல்லாம் ஒண்டுதான்."

இளையவள் என்னைப் பார்த்தாள், உதவி கேட்பவளைப்போல. அதே மாதிரி ஒரு விசாரணை மேசைக்கு முன்னால் நானும் இருந்திருக்கிறேன். வீட்டில் எத்தனை யன்னல் என்று இரண்டு தரம் கேட்டார்கள். மூன்றாந்தரம் கேட்டுவிடுவார்களோ என்று யன்னல்களை எண்ணி எண்ணி மனதில் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அக்காவின் பொய்யை ஜெர்மனில் சொன்னபோது, அவர் கையை மட்டும் கெடுக்கவில்லை, அவர் இனி வெளியே வர முடியாதபடி கதவையும் நான்தான் பூட்டிவிட்டேன். அது அப்போதுதான் விளங்கியது.

"நான் எழுதுறன் அக்கா," என்றேன். "நான்தான் பிழையாகச் சொன்னனான் எண்டு எழுதுறன்."

"எழுதினால் நான் பொய்க்காரி ஆகிவிடுவன். விளங்குதோ உமக்கு?"

விளங்கியது. அன்றைக்கே எழுதி அனுப்பினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வதால், அக்காவை நேரில் விசாரிக்கக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க நான் வரட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். "நீர் வேண்டாம்," என்றார். "அந்தப் பிள்ளை வரட்டும். அவ நான் சொல்லுறதை மட்டும் சொல்லுவா."

அழைக்காவிட்டாலும் போனேன். கந்தோருக்கு வெளியே வாகனத் தரிப்பிடத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். இருவரும் வந்தார்கள். அக்கா என்னைக் கண்டார், தலையை அசைத்தார், நேரே இளையவளின் காரில் போய் ஏறிக்கொண்டார்.

"என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"அன்ரி, நான் மொழிபெயர்க்கப் போனனான். அதை நான் வெளியில சொல்லேலாது," என்றாள் இளையவள். குரலில் கடுமை இல்லை. கண் சிவந்திருந்தது. அதை வைத்தும் என்னால் ஒன்றும் கணிக்க முடியவில்லை.

காருக்குள் அக்கா ஆசனப் பட்டியை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று விரல்களும் கொக்கியைப் பிடிக்கவில்லை. ஒருதரம், இரண்டு தரம் நழுவியது. நான் கதவுப் பக்கம் போனேன். கண்ணாடிக்கு உள்ளிருந்து இடக்கையை உயர்த்தி, வேண்டாம் என்றார். இளையவள் மறுபக்கத்தால் ஏறி, குனிந்து, அதை மாட்டிவிட்டாள். கார் போனது. கந்தோரின் முடிவு இன்னும் வரவில்லை.