ஈனிட் யார்வுட் இழுத்த கன்று

இங்கிலாந்தின் செஷயரில் எங்கள் ஹெஸ்கோட் ஊரில் எந்த மாடு கன்று போடத் திணறினாலும் ஈனிட் யார்வுட்டைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அடுத்த ஊரிலிருந்து மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் அவள் வேலையை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பாள். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தே கன்றின் தலை எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் பண்ணை, அந்தப் பக்கம் அவர்களுடையது. என் அம்மா வின்னியும் அவளும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள். எனக்கு அவள் சித்தி மாதிரி.

1967 இலையுதிர் காலத்தில் பக்கத்து மாவட்டத்தில் கோமாரி வந்துவிட்டதென்று ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மாட்டுக்கு வந்தால் போதும், நோய் பரவாமலிருக்க அரசாங்க ஆட்கள் வந்து பண்ணையிலுள்ள அத்தனையையும் சுட்டுக் கொன்றுவிடுவார்கள்.

நவம்பரில் ஒரு காலை, பால் கறக்கப் போன ஈனிட், கடைசி மாட்டின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்குவதைப் பார்த்தாள். கணவர் ரெஜ்ஜைக் கூப்பிட்டாள்.

"பல்லு ஏதாவது உடைஞ்சிருக்கும்" என்றார் அவர்.

"காலையும் மாத்தி மாத்தித் தூக்குது, ரெஜ்."

"நாளைக்கும் இப்படியே இருந்தா டாக்டருக்குப் போன் பண்றேன். அதுக்குள்ள ஊரைக் கூட்டாதே."

அந்த நேரத்தில்தான் அம்மா பாதையைத் தாண்டி ஓடினாள். அப்பா தீவனம் வாங்க வெளியே போயிருந்தார்.

"ஈனிட், சீக்கிரம் வாடி! எங்க மாடு விடியறதுலேருந்து முக்குது. ஒரு கால் மட்டும்தான் வெளிய தெரியுது."

ஈனிட் கதவருகிலேயே நின்றாளாம். சொல்லிவிட வாயைத் திறந்தாளாம். உள்ளே ரெஜ் உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். அதே பூட்ஸ், அதே கோட்டு. கிளம்பி வந்துவிட்டாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வைக்கோல் போர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கன்று வெளியே வந்தபோது மூச்சே இல்லை. ஈனிட் அதன் வாய்க்குள் விரலை விட்டுச் சளியை வழித்தெடுத்தாள், மூக்கில் வாய் வைத்து ஊதினாள். கன்று தும்மியது. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஈனிட் டீகூடக் குடிக்கவில்லை.

"என்னடி, வீடு பத்திக்கிட்டு எரியுதா? ஏன் இப்படி ஓடறே?" என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள்.

மறுநாள் ரெஜ் டாக்டருக்குப் போன் செய்தார். யார்வுட் பண்ணையில் துப்பாக்கிச் சத்தம் இருட்டும்வரை கேட்டது. யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் கிருமி கொல்லும் மருந்து ஊற்றிய வைக்கோலைப் பரப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, எங்கள் கொட்டகையில் முதல் கொப்புளம் அந்தக் கன்றின் நாக்கில்தான் வந்தது.

அப்பாவின் தாத்தா காலத்திலிருந்து வந்த மாடுகள். சுட வந்தவரிடம் அப்பா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பிடித்துக் கொடுத்தார். பெயர் சொன்னால் அவை முரண்டு பிடிக்காமல் வரும்.

மாடுகளை எரித்த சாம்பல் அடங்கும் முன்னே ஈனிட் போன் செய்தாள். அம்மா சமையலறையில் நின்று பேசினாள். ஈனிட் சொன்னதைப் பிற்பாடு அம்மாதான் எனக்குச் சொன்னாள்.

"வின்னி, அன்னிக்குக் காலையில எங்க மாட்டுக்கு எச்சில் ஒழுகினதைப் பாத்துட்டுத்தான் உன் வீட்டுக்கு வந்தேன்."

"பல்லுவலின்னு நெனச்சியா?"

"இல்ல. ரெஜ் அப்படிச் சொன்னாரு. நான் நெனைக்கல."

அம்மா போனை வைத்துவிட்டாள்.

தடை நீங்கிய பிறகும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காற்றில்கூட நோய் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்வதாக அப்பா ஒருமுறை ஆரம்பித்தார். "காத்தைப் பத்தி நான் கேக்கல" என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

கோடையில் ரெஜ் புது மாடுகள் வாங்கினார். ஈனிட் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவும் வேலைக்குப் போனாள். மாட்டுப் பிரசவத்துக்கு யார் வந்து கூப்பிட்டாலும், "என் கை சரியில்ல, வேற ஆளைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மார்ச் மாதம், எங்கள் புது மாடு ஒன்று கன்று போட முடியாமல் படுத்த இடத்திலிருந்து எழவில்லை. டாக்டர் எங்கோ தொலைவில் இருந்தார். அம்மா யாரிடமும் சொல்லாமல் பாதையைத் தாண்டினாள். பின்னாலேயே நானும் போனேன்.

"நான் வர மாட்டேன், வின்னி. என்னை நம்பாதே."

"உன்னை மன்னிக்கிறேன்னு சொல்ல வரல. மாடு சாகுது. பூட்ஸைப் போடு."

ஈனிட் வந்தாள். எங்கள் வாசலில் நின்று மருந்துத் தண்ணீரில் பூட்ஸைத் தேய்த்தாள், கையைத் தேய்த்தாள், மறுபடியும் பூட்ஸைத் தேய்த்தாள். முழங்கை வரை சிவந்துவிட்டது.

"தோலை உரிச்சுப் போட்டுட்டுத்தான் உள்ள வருவியா?" என்று அம்மா கத்திய பிறகுதான் நிறுத்தினாள்.

மாடு பிழைத்தது. கன்று இறந்தே பிறந்தது. ஈனிட் கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தியா... நான் தொட்டாலே..."

"வாயை மூடு. நீ வர்றதுக்கு முன்னாடியே அது செத்துப்போச்சு. இந்தா, டீயைக் குடி."

அதன்பின் அவள் பழையபடி ஊரெல்லாம் போனாள். ஆனால் எந்த வீட்டிலும், "எங்க மாடுங்க இன்னிக்கு நல்லா இருக்குதுங்க" என்று சொல்லாமல் வாசல் தாண்டமாட்டாள். சிலர் சிரித்தார்கள். அம்மா அவளை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை.

இருவருக்கும் எழுபது கடந்தபின், ஊர் வரலாற்றுக் குழுவினர் கோமாரி வந்த வருஷத்துப் படங்களை ஊர் மன்றத்தில் போட்டுக் காட்டினார்கள். ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் ஒருவர், அன்றைய காற்று எந்தத் திசையில் அடித்தது என்று வரைபடத்தில் காட்டினார். ஈனிட்டின் பக்கத்தில் இருந்த பெண் அவள் தோளைத் தட்டினாள்.

"கேட்டீங்களா? காத்துதான் கொண்டு வந்திருக்கு!"

"இருக்கலாம்மா" என்றாள் ஈனிட். "ஆனா நான் காத்தை நம்பிப் போகலையே. கோமாரியா இருக்கும்னு தெரிஞ்சுதானே போனேன்."

அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவளிடம் போனாள்.

"நீ தெரிஞ்சுதான் வந்தே. நானும் எல்லாம் தெரிஞ்சுதான் உன்னை மறுபடி கூப்பிட்டேன். கொஞ்சம் நகரு, முட்டி வலிக்குது."

ஈனிட் நகர்ந்து இடம் கொடுத்தாள். டாக்டர் அடுத்த படத்துக்குப் போனார்.